மச்சானுடைய மிசின்

ஈய விலை விழுந்ததற்கு மறு வருடம். லகாட் பக்கத்து ஈயலம்பங்கள், மண்ணை அலசி ஈயம் எடுக்கும் சுரங்கங்கள், ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. சன்னாசி வேலை பார்த்த லம்பம் பொங்கலுக்கு முன்பே மூடியாயிற்று. மண்ணை உறிஞ்சும் பம்புகளின் மோட்டார்களையும் மின்கம்பிகளையும் பார்த்துக்கொண்டவன் அவன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த இரைச்சலுக்குள் வாழ்ந்து பழகியவன். இரைச்சல் நின்றதும் அவனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

ஈப்போ புந்தோங்கில் வாடகை வீடு. மனைவி முத்தம்மா ஜெலாப்பாங் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். காலையில் தொழிற்சாலை பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு சன்னாசி முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடந்துகொண்டிருப்பான். ஒழுங்காகச் சுற்றுகிற மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போடுவான். பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கேட்காமலே கழற்றித் துடைப்பான். வேலை கேட்டு டவுனுக்குப் போவான். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். லம்பத்திலிருந்து வந்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், பெயரை எழுதி வைத்துவிட்டுப் போ.

“ஒரு எடத்துல குந்துங்களேன். பாக்குற எனக்கே கிறுகிறுன்னு வருது” என்பாள் முத்தம்மா.

குந்துவான். முட்டி மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

சித்திரையில் முத்தம்மாவின் தம்பி பழனியப்பன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். அங்கே ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. வரும்போது பஸ்ஸில் இரண்டு அட்டைப் பெட்டிகளை மடியிலும் காலடியிலும் வைத்துக் கட்டிக்காத்துக்கொண்டு வந்திருந்தான். பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர். கூட்டாளிகளோடு சேர்ந்து கடைகடையாக ஏறி, துண்டு துண்டாக வாங்கிப் பூட்டியது. பச்சை எழுத்துத் திரை, இரண்டு வட்டு வாய்கள், தட்டினால் கடகடவென்று சத்தம் போடும் விசைப்பலகை. தங்கும் விடுதியில் பத்துப் பேருக்கு ஒரு அறையாம். அங்கே வைத்தால் காலோ கையோ பட்டு உடைந்துவிடும் என்று அக்கா வீட்டில் கொண்டுவந்து வைத்தான்.

அதில் ஒரு விமான ஆட்டம் இருந்தது. மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன விமானம் பறக்கும். கீழேயிருந்து சுடுவார்கள். வலது கையால் அம்பு விசைகளை அழுத்தி ஏற்றி இறக்க வேண்டும், இடது கையால் குண்டு போட வேண்டும். மூன்றாவது மலைத்தொடரைத் தாண்டுவது பெரிய காரியம். பழனியப்பன் சிரித்துப் பேசிக்கொண்டே தாண்டினான். திரையில் முதல் பெயராக அவன் பெயர்தான் நின்றது. சன்னாசி முதல் மலையிலேயே மோதினான்.

புறப்படும் நாளில் பழனியப்பன் மிசினின் தலையைத் தட்டிச் சொன்னான். “ஆடு மச்சான், நல்லா ஆடு. ஆனா மூடிய மட்டும் தொறந்துறாத. இது ஒன்னோட லம்பத்து பம்பு இல்ல.”

“நான் எதுக்கு தொறக்கப்போறேன்?” என்றான் சன்னாசி. அப்போது அவன் மனதில் உண்மையிலேயே அந்த எண்ணம் இல்லை.

கொஞ்ச நாளில் சன்னாசியும் மலைகளைத் தாண்டக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்ட பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. விமானம் ஊர்வதுபோல் தெரிந்தது. மலை நகர்ந்து வருவதற்குள் அவன் விரல் விசை மேல் காத்துக் கிடந்தது. காத்துக் கிடப்பதுதான் அவனுக்கு ஆகாதே. காலையெல்லாம் காத்து, வேலைக்குக் காத்து, பஸ்ஸுக்குக் காத்து, இப்போது இந்தப் பச்சை விமானத்துக்குமா?

டவுனில் ரேடியோ சாமான் விற்கும் ஆ லோயின் கடைக்குப் போனான். லம்பத்துக்கு ஃபியூஸ் வாங்கப் போய்ப் பழக்கமான கடை. மிசினை வேகமாக ஓடவைக்க முடியுமா என்று அவன் கேட்டதை ஆ லோய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்தார். காதுத்தோடு அளவில் ஒரு வெள்ளித் தகரக் கூடு, அதற்கு இரண்டு கம்பிக் கால்கள்.

“இது கிறிஸ்டல். இவன் அடிக்கிற மாதிரிதான் உள்ள எல்லாம் ஓடும். இவன மாத்து, லாஜு லா, வேகமா ஓடும்” என்றார் ஆ லோய், மலாயும் தமிழும் கலந்து.

சன்னாசிக்கு உடனே விளங்கிவிட்டது. உறுமிக்காரன் தாளத்தை ஏற்றினால் ஆடுகிறவன் கால் தானாக ஏறவேண்டியதுதான். மிசினுக்குள் இருக்கிற உறுமிக்காரன் நொடிக்குப் பதினாலு மில்லியன் அடி அடிக்கிறான். கையில் இருக்கிறவன் இருபது மில்லியன் அடிக்கிறவன்.

“வெடிக்காதே?”

“வெடிச்சா எனக்கும் சொல்லு” என்று சிரித்தார் ஆ லோய். கடையில் பழுதாகிக் குவிந்து கிடந்த ரேடியோக்களைச் சன்னாசி பார்த்துக்கொடுத்தால் வேண்டிய சாமானை எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சானது.

மறுநாள் முத்தம்மாவின் பஸ் தெருமுனை திரும்பியதும் சன்னாசி கதவைத் தாழிட்டான். மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். மூடியை எடுத்து ஓரமாக வைத்தான். பச்சைப் பலகையில் வரிசை வரிசையாகக் கறுப்புச் சில்லுகள், வரிசை பிடித்துக் கட்டிய தோட்டத்து லயன் வீடுகள்போல. மூலையில் தனியாக நின்றது அந்த இரண்டு கால் கூடு. சூடு வைத்து ஈயத்தை இளக்கி, இழுத்தெடுத்து, புதியவனை நட்டான். லம்பம் மூடியதிலிருந்து இப்படி மூச்சுப் பிடித்துக்கொண்டு ஒரு வேலை செய்து எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

மிசின் எழுந்தது. ‘டீ’ என்ற வழக்கமான ஒலி ‘டிக்’ என்று கிறீச்சிட்டது. ஆட்டத்தைப் போட்டான். விமானம் பாய்ந்தது. மலை வருவதும் அவன் மோதுவதும் ஒன்றாக இருந்தது. சன்னாசி தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தான்.

மதியம் திரும்பி வந்த முத்தம்மா வாசலிலேயே நின்றாள்.

“என்னாங்க இது, குருவிக்குஞ்சு மாதிரி கத்துது?”

அவன் மறைக்கவில்லை. மறைக்கும் நிலையிலும் இல்லை, சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இன்னொரு வேடிக்கையையும் காட்டினான். காலையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மிசினில் மணியைத் தட்டி வைத்திருந்தான். இப்போது சுவரில் பின்மதியம், மிசினில் விளக்கு வைக்கும் நேரம்.

“நேரமே முன்னால ஓடுது பாத்தியா?”

முத்தம்மா சிரிக்கவில்லை. “பழனி தொறக்காதன்னு சொன்னான்.”

“அவன் வர்றதுக்குள்ள பழையபடி வெச்சிருவேன் லா.”

அப்படிச் சொன்னவன்தான். இருபதை வைத்தவனுக்கு இருபது போதவில்லை. இருபத்துநாலைக் கொண்டுவந்தான். அதற்கு மூளைச்சில்லு சூடேறிக் கையைச் சுட்டது, மிசின் பாதி ஆட்டத்தில் கல்லாய் உறைந்தது. ஆ லோயிடம் சொல்லிப் பினாங்கிலிருந்து வேறு சில்லு வரவழைத்தான். அது தாங்கியது, நினைவுச்சில்லுகள் தாங்கவில்லை. திரையில் கோளாறு என்று ஒரு வரி எழுதிவிட்டு எல்லாம் நின்றுவிடும். எந்தச் சில்லு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, சோம்பேறிகளைப் பிடுங்கிச் சுறுசுறுப்பானவற்றைப் பூட்டினான். ஆடும் மேசை விசிறி ஒன்றைத் திறந்த பெட்டியின் தலைமேல் கவிழ்த்து வைத்தான். ஆட்டம் ஆடுவதே இல்லை. ஒரு தரம் விமானத்தை ஏற்றுவான், ஓடுகிறதா என்று பார்ப்பான், அணைப்பான், மறுபடி பெட்டிக்குள் தலையை விடுவான்.

“இதுக்கு முன்ன வீட்ட சுத்தி நடந்தீங்க. இப்ப அந்த பொட்டிய சுத்தி நடக்குறீங்க” என்றாள் முத்தம்மா. “ஆறு மாசமாச்சு. தாப்பாவுல பலக ஆலையில ஆள் எடுக்குறாங்கன்னு எங்க லைன் லீடர் சொன்னா. போய் கேட்டீங்களா?”

“கேக்குறேன்.”

“எப்ப?”

அவன் பெட்டிக்குள் தலையை விட்டான். அவனுக்கே தெரியும், வேலை கேட்கப் போனால் இல்லை என்ற ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு திரும்ப வேண்டும். மிசின் அப்படியில்லை. இல்லை என்றால் ஏன் இல்லை என்று கண்டுபிடிக்கலாம்.

தீபாவளி நெருங்கியது. தெருமுனை மளிகைக் கடைக்கு ஃபோன் வந்திருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். சன்னாசி ஓடினான்.

“மச்சான், வெள்ளிக்கெழம வாரேன்” என்றான் பழனியப்பன். குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை. “மிசின் நல்லா இருக்கா?”

“இருக்கு, இருக்கு.”

“சரி.” வைத்துவிட்டான்.

சன்னாசி ஃபோனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தான். யாராவது சொல்லிவிட்டார்களோ? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய கிறிஸ்டலைத் தேடி எடுத்தான். பலமுறை சூடு வைத்து வைத்துப் பலகை களைத்துப் போயிருந்தது. இந்த முறை ஈயத்தை இளக்கி இழுத்தபோது, கிறிஸ்டலின் காலோடு பலகையின் செப்புக் கோடும் தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிட்டது. சன்னாசி அந்தச் செப்பு இழையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மறுநாள் மெல்லிய கம்பியால் அந்த இடத்துக்குப் பாலம் கட்டினான். இனி பலகையில் சூடு வைக்கவே கூடாது என்று, கெட்டுப்போன ரேடியோவிலிருந்து வெட்டிய சின்ன இரட்டைத் துளைக் குழியை அங்கே பற்ற வைத்தான். கிறிஸ்டலை அதில் செருகலாம், விரலாலேயே பிடுங்கலாம். அது சரியாக நிற்கிறதா என்று பார்க்க இருபத்துநாலைச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆள் நிழல் விழுந்தது.

பழனியப்பன் ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றான். தோளில் ஒரு பை. இளைத்திருந்தான். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

மேசைமேல் மிசின் மூடியில்லாமல், விசிறி கவிழ்ந்து, கம்பி தொங்கிக்கொண்டு கிடந்தது.

“மச்சான், அது வந்து...” சன்னாசி தொங்கிய கம்பியைப் பெட்டிக்குள் தள்ளினான்.

பழனியப்பன் பையை இறக்கினான். மிசினைப் பார்த்தான். எங்கோ யாருக்கோ சொந்தமான பொருளைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“ஆட்டத்தப் போடு” என்றான்.

சன்னாசி போட்டுக்கொடுத்தான். பழனியப்பன் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து, இடது கையை மட்டும் குறுக்கே நீட்டி அம்பு விசைகளில் வைத்தான். விமானம் கிளம்பியது, மோதியது. மறுபடி. மோதியது. மறுபடி.

“தப்பு என்னோடதுதான் பழனி. வேகத்த ஏத்திட்டேன். நீ வர்றதுக்குள்ள மாத்திரலாம்னு பாத்தேன். ரெண்டு கையாலயும் ஆடுனாகூட இதுல முடியாது.”

பழனியப்பன் லேசாகச் சிரித்தான். பிறகு வலது கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து விசைப்பலகையின் பக்கத்தில் மேசைமேல் வைத்தான். பெருவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் இருக்க வேண்டிய மூன்றும் இல்லை. தையல் போட்ட தோல் இளஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தது.

“தகடு எறங்கிருச்சு” என்றான். “ஆடி மாசம். கொக்கி சரியா மாட்டல. நான் கைய வெச்சிருந்தேன், அவ்வளோதான்.”

சன்னாசி அந்தக் கையைப் பார்த்தான். லம்பத்தில் இப்படிப்பட்ட கைகளை அவன் பார்த்திருக்கிறான். ஆனால் அவை யார் யாருடைய கைகளோ. இது சோறு பிசைந்து சாப்பிட்ட கை, கல்யாணத்தில் அவனுக்கு மிஞ்சி எடுத்துக்கொடுத்த கை.

“ஆடியிலயா? அதுக்கப்புறம் எத்தன தடவ போன் பண்ண! ஒரு வார்த்த சொல்லலியே.”

“என்னா சொல்றது? அக்கா அழும். வந்து நிக்கும். விடுதியில பொம்பளைய எங்க வெக்கிறது? நீயே சொல்லிரு மச்சான். எனக்கு தெம்பு இல்ல.”

சொல்ல நேரமில்லை. முத்தம்மாவின் பஸ் வந்து நின்றது. தம்பியின் செருப்பை வாசலில் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஓடிவந்தவள், மேசைமேல் இருந்த கையைப் பார்த்தாள். அவள் அழவில்லை. தோளில் மாட்டிய பையாலேயே தம்பியின் முதுகில் மொத்தினாள். 

“நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொன்னியேடா! சாப்பிட்டியாடான்னு கேட்டா, ரெண்டு தட்டு சாப்பிட்டேன்னு சொன்னியேடா!” மொத்தி மொத்திக் கை ஓய்ந்த பிறகு, அந்த வலக்கையை எடுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சன்னாசி எழுந்துபோய்க் கோப்பி கலக்கினான். சர்க்கரை போட்டானா இல்லையா என்று அவனுக்கே நினைவில்லை.

தீபாவளி வந்தது, போயிற்று. இப்போது வீட்டில் இருப்புக்கொள்ளாத ஆள் இரண்டு. ஒருவன் நடந்தான், மற்றவன் மிசின் முன்னால் உட்கார்ந்தான். இருபத்துநாலு வேண்டாம் என்று சன்னாசி பழைய பதினாலையே செருகிவிட்டிருந்தான். அப்படியும் பழனியப்பனின் இடக்கைக்கு அம்பு விசைகள் பிடிபடவில்லை. மேலே என்று மூளை சொல்லும், விரல் கீழே போகும். முதல் மலைகூட தாண்டவில்லை. ஒவ்வொரு மோதலுக்கும் மேசையை ஒரு குத்து. காலையிலிருந்து மாலைவரை குத்துச் சத்தம் கேட்டுக் கேட்டு, சன்னாசி பின்வாசலில் நின்று பல்லைக் கடித்தான். அவனுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். எதையாவது திருத்தியாக வேண்டும்.

ஆ லோயின் தகரப் பெட்டியில் பத்து மில்லியன் அடிக்கிற கிறிஸ்டல் ஒன்று இருந்தது. பழனியப்பன் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துச் சன்னாசி அதைச் செருகினான். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று விமானம் நிதானமாகப் பறந்தது. பழனியப்பன் முதல் மலையைத் தாண்டினான். இரண்டாவதையும் தாண்டினான். “அக்கா! அக்கா, இங்க வா!” என்று கத்தினான். வாராந்திர விடுமுறையில் வீட்டிலிருந்த முத்தம்மா மாவுக் கையோடு வந்து நின்றாள். அவன் முகம் சித்திரையில் பார்த்த பழைய முகமாக இருந்தது. கதவோரம் நின்ற சன்னாசிக்கு லம்பத்தில் பெரிய பம்பைத் திரும்ப ஓட்டிவிட்ட நாட்களின் பெருமிதம் நெஞ்சில் ஏறியது.

மூன்றாவது மலையருகே விமானம் மோதியது. மிசின் தோல்விச் சத்தம் போட்டது. அது தடித்த, இழுவையான, எருமை கனைப்பதுபோன்ற சத்தம். பழனியப்பனின் தலை நிமிர்ந்தது. ஆட்டத்தை விட்டு வெளியே வந்தான். மணி பார்க்கும் ஆணையை இடது விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். மிசின் ஒரு மணி சொன்னது, சுவர்க் கடிகாரம் வேறொரு மணி சொன்னது. மூடியைத் தூக்கிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

அவனும் மிசினைத் துண்டு துண்டாகப் பூட்டியவன்தானே. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எனக்காக மெதுவாக்கினியா?” என்றான் மெல்ல.

“கொஞ்ச நாளைக்குத்தான் பழனி. கை பழகுற வரைக்கும்...”

“என்னைய என்னான்னு நெனச்ச? கைக்கொழந்தையா நான்? சோறு ஊட்டிட்டு, நீயே தின்னடான்னு கை தட்டுறதா? அக்காவ வேற கூப்ட்டு காட்டுனேனே!”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பழனியப்பன் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனான். முத்தம்மா கணவனைப் பார்த்தாள்.

“நிக்காதீங்க. போங்க!”

சன்னாசி புந்தோங் முழுக்கத் தேடினான். கோயில் பக்கம், கோப்பிக் கடைகள், ஆற்றுப் பாலம். கடைசியில் மேடான் கிட் பஸ் நிலையத்தில், கோலா கங்சார் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சிமெண்டு இருக்கையில் கண்டான். வெறுங்காலில் தார் ஒட்டியிருந்தது. அக்காவும் தம்பியும் பிறந்து வளர்ந்த தோட்டம் கோலா கங்சார் போகிற வழியில்தான். இப்போது அதைத் துண்டு போட்டு விற்றாயிற்று, போனாலும் அங்கே போய் இறங்க உறவென்று யாரும் இல்லை.

சன்னாசி பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது.

“லம்பம் மூடுன பின்னாலயும் ரெண்டு மாசம் நான் லகாட்டுக்கு போய்க்கிட்டு இருந்தேன்” என்றான் சன்னாசி. “ஒங்கக்காவுக்கு தெரியாது. சாப்பாட்டு டப்பாவோட போவேன். பம்பு வீட்டுல குந்தியிருப்பேன். ஒன்னுமே ஓடாது. சத்தமே இருக்காது. வாட்ச்மேன் பாய் ஒரு நாளு கேட்டாரு, எதுக்கு தம்பி வர்றன்னு. டப்பாவ எடுத்துக்கிட்டு திரும்பிட்டேன். அதுக்கப்புறம்தான் வீட்டுல குந்துனேன். ஒன் மிசின நான் ஆட்டத்துக்காக தொறக்கல பழனி. ஏதாச்சும் ஒன்னு என் கையால ஓடணும்.”

பழனியப்பன் எதிரே பார்த்தபடி கேட்டான். “அது யாரோட மிசின்?”

“ஒன்னோடது.”

“ஏத்தும்போது என்னைய கேட்டியா?”

“இல்ல.”

“எறக்கும்போது?”

“இல்ல.”

“பட்டறையிலயும் அப்டித்தான் மச்சான். கை போச்சு. ஆஸ்பத்திரியில முழிச்சேன். ஸ்டோர் ரூம்ல வெளக்கமாத்து வேல போட்டிருக்கோம், ஒனக்கு அதுதான் சரின்னு சொன்னாங்க. நல்ல மனுசன்தான் சொன்னாரு, என் மேல பாவப்பட்டுத்தான் சொன்னாரு. அதுதான் தாங்கல. விட்டுட்டு வந்தேன். இங்க வந்தா நீயும் அதையே செய்யுற.”

சன்னாசிக்குக் காது சூடாயிற்று. நல்லது செய்தோம் என்று இவ்வளவு நேரமும் உள்ளுக்குள் ஒரு மூலை வாதாடிக்கொண்டிருந்தது. அந்த மூலை அடங்கியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். பழனியப்பன் இடது கையை நீட்டினான்.

“குடு.”

“என்னா?”

“கிறிஸ்டலு. எல்லாத்தையும் என் கையில குடு. எப்ப எத போடணும்னு நான் பாத்துக்கிறேன்.”

சன்னாசியின் சட்டைப் பையில் தீப்பெட்டியில் மூன்று இருந்தன. அப்படியே கொடுத்தான். பத்து ஒன்றுதான் மிசினில் இருந்தது. இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். பழனியப்பன் பாதம் சுடச்சுடத் தாவித் தாவி நடந்தான். சன்னாசி தன் செருப்பைக் கழற்றி நீட்டினான். “இத நான் கேக்கல” என்றான் பழனியப்பன். பிறகு சிரித்துக்கொண்டு மாட்டிக்கொண்டான். இப்போது சன்னாசி தாவினான்.

அன்றிலிருந்து மிசினின் மூடி திறந்தேதான் கிடந்தது. காலையில் எழுந்ததும் பழனியப்பன் தீப்பெட்டியைக் குலுக்கி, அன்றைக்கு எது என்று முடிவு செய்வான். முதல் வாரம் அவனே பத்தை விட்டுவைத்தான். இடக்கை விரல்களால் அந்தச் சின்னக் கூட்டைப் பிடுங்கிச் செருகுவதே முதலில் அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. கால் வளைந்துவிடும், கீழே விழும், மேசைக்கடியில் குனிந்து தேடுவான். சன்னாசியின் கை பரபரக்கும். எழுந்து பின்வாசலுக்குப் போய்விடுவான். உதவாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனுக்கு இதற்குமுன் தெரியாது.

கார்த்திகை முடிவதற்குள் பதினாலுக்கு ஏறினான் பழனியப்பன். அம்பு விசைகளை விட்டுவிட்டு, இடப்பக்கம் இருக்கிற எழுத்து விசைகளால் விமானத்தை ஓட்டும்படி ஆட்டத்தில் ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தான். குண்டு போட வலக்கையின் பெருவிரல் போதுமாக இருந்தது. மேசையைக் குத்துவது மட்டும் நிற்கவில்லை. முத்தம்மா குத்துகிற இடத்தில் ஒரு பழைய துணியை மடித்து வைத்தாள்.

சன்னாசி தாப்பாவுக்குப் போனான். பலகை ஆலையில் அவர்கள் ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். இல்லை என்றார்கள். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு திரும்பாமல், அங்கேயே வாசலில் நின்றான். உள்ளே ஒரு ரம்பத்தின் மோட்டார் திணறும் சத்தம் கேட்டது. “அதுல ஒரு பேஸ் கரண்டு வரல” என்று காவலாளியிடம் சொன்னான். யாரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை. மறுவாரமும் போனான். மூன்றாவது முறை போனபோது, அங்கிருந்த மின்தொழிலாளி கேமரன் மலைக்கு வேலை மாற்றிக்கொண்டு போயிருந்தான். வா என்றார்கள். தைப்பூசத்துக்குப் பிறகு சன்னாசி தாப்பாவில் ஒரு அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து ஈப்போவுக்கு வந்தான். பழனியப்பனுக்கு ஆ லோய் கடையில் கல்லாப் பக்கம் ஓர் இடம் கிடைத்தது. வருகிறவர்களிடம் பேசிப் பேசியே பழுது எதுவென்று கண்டுபிடித்துவிடுகிறான் என்று ஆ லோய் சொன்னார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை. சன்னாசி பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது கருகல் நாற்றம் மூக்கைத் தாக்கியது. மிசினின் பெட்டியிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. பழனியப்பன் சூட்டுக்கோலை இடது கையில் பிடித்தபடி நின்றான். புருவத்தில் ஈயத்துளி தெறித்த ஒரு சின்னக் கொப்புளம். திரையில் கோடும் புள்ளியுமாக, எதுவும் அசையாமல் கிடந்தது.

“என்னா போட்ட?” என்றான் சன்னாசி.

“முப்பது. குழி ஆடுச்சு, திரும்ப பத்த வெச்சேன்.”

“அலாமாக். முப்பதா! மூளச்சில்லு?”

“அது தாங்குது. மூணு நிமிசம் ஓடுச்சு மச்சான். விமானம் கண்ணுக்கே தெரியல. அதுக்கப்புறம்தான் இது.” அவன் குரலில் வருத்தம் துளியும் இல்லை. “இந்தப் பக்கம் ஏதோ ஒன்னு வெந்துருச்சு. எதுன்னு தெரியல.”

சன்னாசியின் கை தானாகப் பெட்டியை நோக்கிப் போயிற்று. பாதியில் நின்றது.

“பாக்கட்டுமா?” என்று கேட்டான்.

பழனியப்பன் அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு நாற்காலியைக் காலால் தள்ளி இடம் விட்டான். “பாரு. தொடாத. எதுன்னு மட்டும் சொல்லு, நான் கழட்டுறேன்.”

அடுப்படியிலிருந்து முத்தம்மா எட்டிப் பார்த்தாள். இரண்டு தலைகள் பெட்டிக்குள் குனிந்திருந்தன. சன்னாசியின் பை வாசலிலேயே கிடந்தது, செருப்பு ஒன்று வீட்டுக்குள்ளும் ஒன்று வெளியிலுமாக.

“மொதல்ல பசியாறுங்க ரெண்டு பேரும்! சோறு ஆறுது.”

“வாரோம்” என்றார்கள் இரண்டு பேரும். ஒருவரும் நகரவில்லை.